பயர்பாக்ஸ்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

கோத்தகிரியில் இரண்டு அறைகள் வாடகைக்கு விடுகிறேன். போன ஜூனில் ஒரு தளத்தில் ரூம் ஹீட்டர் விலை பார்த்தேன்; வாங்கவில்லை. அப்புறம் பச்சைத் தேயிலை விலை பார்க்கப் போனாலும் ஹீட்டர் விளம்பரம், ரசப்பொடிக் குறிப்பைத் திறந்தாலும் அதே ஹீட்டர். வெறுத்துப்போய் லேப்டாப்பில் பயர்பாக்ஸ் பிரவுசருக்கு மாறினேன்.

முகவரிப் பட்டையில் ஒரு கேடயம் இருக்கும். தட்டினால், அந்தப் பக்கத்தில் நம்மைப் பின்தொடரப் பார்த்த எந்தெந்த நிறுவனங்களை பயர்பாக்ஸ் தடுத்தது என்று காட்டும். 2019 முதல் இந்தத் தடுப்பு தானாகவே இயங்குகிறது.

“இதுவும்தான் தகவல் அனுப்புது” என்றான் தம்பி. உண்மைதான். டெலிமெட்ரி என்பார்கள்: பிரவுசர் தான் எப்படி ஓடுகிறது என்று தன்னைத் தயாரித்தவர்களுக்கு அனுப்பும் தகவல். முகவரியில் ஆங்கிலத்தில் அபவுட், முக்காற்புள்ளி, டெலிமெட்ரி என்று அடித்தேன். பதிப்பு எது, எத்தனை டேப், மெமரி எவ்வளவு என்று நீண்ட பட்டியல். ஹீட்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. பிளம்பர் தன் முதலாளியிடம் ‘அங்கே குழாய் ஒழுகுது’ என்பது வேறு, என் வீட்டுச் சமையலை ஊருக்கெல்லாம் சொல்வது வேறு.

இருந்தாலும் கேட்காமலே ஆன் செய்து வைத்திருப்பது பிடிக்கவில்லை. செட்டிங்ஸில் டிக்கை எடுத்துவிட்டேன்.

ஒரே தொந்தரவு: தடுப்பைக் கடுமையாக வைத்தபோது ஒரு முன்பதிவுப் பக்கம் திறக்க மறுத்தது. அந்தத் தளத்துக்கு மட்டும் கேடயத்தை அணைத்திருக்கிறேன்.