பள்ளிகளுக்கான பேட்டரி சேகரிப்புப் பெட்டி: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

தீர்ந்துபோன பேட்டரிகளைச் சேகரிக்க நினைக்கும் பள்ளிகளுக்கு இரண்டு வகைப் பெட்டிகள் கிடைக்கின்றன. ஒன்று, மடித்து நிறுத்தும் அட்டைப் பெட்டி. இன்னொன்று, மூடியில் துளையுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா. தயங்காமல் டப்பாவை எடுங்கள். உள்ளே சேர்வது கண்ணுக்குத் தெரிந்தால் பிள்ளைகள் மறுநாளும் கொண்டுவருவார்கள். அதைவிட முக்கியம், ஒரு செல் கசிந்தாலோ உப்பினாலோ அன்றே தெரிந்துவிடும். அட்டைப் பெட்டியில் அடிப்பக்கம் ஊறிப் பிய்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். டபுள் ஏ ஆல்கலைன் செல் ஒன்று சுமார் 23 கிராம். 10 லிட்டர் டப்பா நிரம்பினால் ஏறத்தாழ 700 செல். எடை 16 கிலோ. குழந்தைகள் தூக்கும் கனமா அது? 3 லிட்டர் டப்பா போதும், நிரம்பினாலும் 5 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். பெரிய டி செல்லின் விட்டம் 34 மி.மீ. என்பதால் துளை 4 செ.மீ. இருக்கட்டும். மூடி பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

இந்தப் பெட்டிகளின் பெரிய குறை, எல்லா பேட்டரியையும் ஒரே துளைக்குள் போடச் சொல்வது. 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இன்னொரு செல்லின் உலோக உறை அவற்றின் மேல் படிந்தால் ஷார்ட் ஆகிச் சூடேறும், தீயும் பிடிக்கலாம். முனைகளில் டேப் ஒட்டிய பிறகே உள்ளே போட வேண்டும். தட்டையான லித்தியம் பட்டன் செல்லுக்கும் இரு பக்கமும் டேப் தேவை; அதை ஆசிரியர் மட்டும் கையாண்டு, பூட்டிய தனிப் புட்டியில் வைக்கட்டும். சிறு குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். கைபேசி, லேப்டாப் பேட்டரிகளை இந்த டப்பாவில் சேர்க்கவே கூடாது.

கூடவே செல்லின் வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள், பாடம் அங்கேதான் இருக்கிறது. 1.3 வோல்ட் காட்டும் ஆல்கலைன் செல் சுவர்க் கடிகாரத்தில் இன்னும் ஓடும். ஆனால் ரீசார்ஜ் செல்லின் இயல்பான அளவே 1.2 வோல்ட், லேபிளைப் படிக்காமல் அளந்தால் நல்ல செல்லும் குப்பைக்குப் போகும்.

ஆல்கலைன் செல்லிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலை அரிக்கும் காரம். பெரியவர் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு அந்தச் செல்லைத் தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்து, டப்பாவை வினிகர் தோய்த்த துணியால் துடைக்கலாம்.

டப்பா வாங்கும் முன்பே மறுசுழற்சி நிறுவனத்திடம் பேசிவிடுங்கள். எந்த வகைகளை எடுப்பார்கள், பிரித்துத் தர வேண்டுமா, குறைந்தது எத்தனை கிலோ சேர்ந்தால் வண்டி வரும்? அவர்கள் 20 கிலோ கேட்டால் நான்கு டப்பா நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வெயிலும் ஈரமும் படாத, காகிதக் கட்டுகள் இல்லாத அறை ஒன்று வேண்டும்.