எச்சரிக்கை: எச்.ஐ.வி. மருந்தென்று 36,500 ரூபாய் வாங்கிக்கொண்டு வேறு மருந்தைக் கொடுத்தார்கள்

இதை வியாழக்கிழமை இரவு எழுதுகிறேன். திருகோணமலை நகரிலுள்ள ஒரு தனியார் மருந்துக் கடையில் என் தம்பியின் எச்.ஐ.வி. மருந்துக்காக நான் கட்டிய 36,500 ரூபாய் இதுவரை திரும்பி வரவில்லை. கடையின் பெயரை எழுதினால் எங்களையும் அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். தம்பியின் சம்மதத்தைப் பெற்ற பின்பே எழுதுகிறேன். இம்மருந்தை வெளியில் வாங்க நேர்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றை முடிவில் சொல்கிறேன்.

தம்பி கொழும்பில் வேலை செய்கிறான். அங்குள்ள அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் அவனுக்கு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நாளொன்றுக்கு ஒரே குளிசை; டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லமிவுடின் 300 மில்லிகிராம், டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் என மூன்று மருந்துகள் அதற்குள் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் எடுத்து வந்ததால், பரிசோதனையில் கண்டறிய முடியாத அளவுக்கு அவனது இரத்தத்தில் வைரஸ் குறைந்திருக்கிறது. அந்த நிலையைத் தொடர்ந்து காத்து வருபவரிடமிருந்து உடலுறவின் மூலம் எச்.ஐ.வி. இன்னொருவருக்குத் தொற்றாது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவை.

அம்மம்மாவின் ஆண்டுத் திவசத்துக்காக இரவுப் புகையிரதத்தில் வந்தவன், மருந்துப் போத்தல் இருந்த பையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டான். வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் அது எங்களுக்குத் தெரிய வந்தது. அடுத்து சனி, ஞாயிறு, திங்கள் போயா விடுமுறை. இங்குள்ள அரச சிகிச்சை நிலையத்துக்கு அப்போதே ஓடியிருக்கலாம். தெரிந்தவர் எவர் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்று இருவரும் தயங்கினோம். வீட்டில் அவனுடைய நிலை எனக்கு மட்டுமே தெரியும்.

மருந்துக் கடையில் வெள்ளை மேலங்கி அணிந்தவர், தம்பியின் கைபேசியில் இருந்த போத்தலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கடையில் வேறு ஆட்கள் நிற்பதைக் கவனித்து, என்னை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, பயப்பிடாதைங்கோ. இஞ்ச ஒருத்தருக்கும் தெரிய வராது. நாளைக்குப் பின்னேரம் கொழும்பிலயிருந்து எடுத்துத் தாறன்" என்றார். எவரிடமும் கேட்காத பரிவு அந்தக் குரலில் இருப்பதாக எனக்குப் பட்டது. அவர் குரலைத் தாழ்த்தியதையே மருந்தறிவு என்று எடுத்துக்கொண்டேன். நான் ஏமாந்த இடம் அதுதான். அங்கேயே 20,000 ரூபாய் முற்பணம் கொடுத்தேன். சனிக்கிழமை மீதி 16,500 ரூபாயைக் கொடுத்து மருந்தைப் பெற்றேன். பற்றுச்சீட்டில் "மருந்து" என்ற ஒரு சொல்லும் தொகையும் மட்டுமே இருந்தன. தம்பிக்கு நெஞ்செரிவு என்றதும், "இதையும் சேர்த்துக் குடிக்கச் சொல்லுங்கோ" என்று அமில முறிப் பாணி ஒன்றையும் கையில் தந்தார்.

அட்டையில் லமிவுடின் என்ற பெயர் இருந்தது. போத்தலிலும் அதே பெயர் இருந்ததால் எங்களுக்குச் சந்தேகம் எழவில்லை. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாட்களும் தம்பி அதையே விழுங்கினான். செவ்வாய் காலை கொழும்புச் சிகிச்சை நிலையத்துக்கு அவன் தொலைபேசியில் பேசியபோது, அட்டையில் உள்ளதை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்ன தாதி உடனே குரலை உயர்த்தினார். அது லமிவுடின் 100 மில்லிகிராம். ஹெபடைடிஸ் பி என்னும் ஈரல் அழற்சிக்குக் கொடுக்கப்படும் அளவு. எச்.ஐ.வி. உள்ளவருக்கு லமிவுடினைத் தனியாகக் கொடுத்தால் வைரஸ் அதற்குப் பழகி, பிறகு அம்மருந்து வேலை செய்யாமல் போய்விடக்கூடும். அதனால்தான் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அமில முறிப் பாணியைப் பற்றியும் அவரே விசாரித்தார்: அலுமினியமும் மக்னீசியமும் கலந்த அத்தகைய பாணிகள் டொலுடெக்ராவிர் உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், அதைக் குடிப்பதற்கு 2 மணித்தியாலம் முன்போ 6 மணித்தியாலம் பின்போதான் குளிசையை எடுக்க வேண்டும். இதை ஒரு மருந்தாளர் அறிந்திருக்க வேண்டாமா?

அன்றே இங்குள்ள அரச சிகிச்சை நிலையத்தில் சரியான மருந்து கிடைத்தது. ஒரு சதமும் கேட்கவில்லை. நாங்கள் அஞ்சிய எவரும் அங்கு நிற்கவுமில்லை.

மருந்துக் கடைக்குத் திரும்பிப் போனேன். "எல்லாம் ஒரே மருந்துதான், மூண்டு குளிசை போட்டால் 300 ஆகும்" என்றார். மற்ற இரண்டு மருந்துகள் எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. புதன்கிழமை போனபோது முதலாளி இல்லை என்றார்கள். பின்னேரம் போனபோது கொழும்பு விநியோகத்தரைக் கேட்க வேண்டும் என்றார்கள். இன்று காலை மிஞ்சிய அட்டையை மேசையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை குரலைத் தாழ்த்திய அதே மனிதர், கையுறை மாட்டிக்கொண்டு அதை என் பக்கம் தள்ளிவிட்டு, "எய்ட்ஸ் மருந்தெல்லாம் திருப்பி எடுக்கேலாது" என்று கடை முழுவதும் கேட்கச் சொன்னார். பிரிக்காத குளிசை அட்டையைத் தொட எதற்குக் கையுறை? வரிசையில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த ஒருவர் நின்றார். 36,500 ரூபாயைவிட அந்த ஒரு வசனம்தான் என்னை இன்னும் உறங்க விடவில்லை. 36,500 ரூபாய் என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

தம்பிக்கு வைரஸ் அளவை மீண்டும் பரிசோதிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதன் முடிவு வரும்வரை அவன் நிம்மதியாக இருக்கப் போவதில்லை.

கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. மருந்து தொலைந்தால் முதலில் உங்கள் சிகிச்சை நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள், அரச நிலையங்களில் அது இலவசம். மூன்று பெயர்களையும் மூன்று மில்லிகிராம் அளவுகளையும் எழுதி வைத்திருங்கள், ஒரு பெயர் ஒத்துப்போவதை நம்பி விழுங்காதீர்கள். மருந்தின் பெயர் எழுதாத பற்றுச்சீட்டை ஏற்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு நாளை காலை அழைக்கப் போகிறேன். அட்டையையும் அந்தப் பற்றுச்சீட்டையும் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.