ராமநாதபுரத்துல பழைய நோட்டு ஸ்கேன் பண்ணக் குடுத்தேன், என் அனுபவம்

எங்க தாத்தா பாம்பன்ல கருவாட்டு யாவாரம் பண்ணவரு. அவரோட கணக்கு நோட்டு பதினோரு எண்ணம் அப்பத்தாவோட டிரங்குப் பெட்டியில கெடந்துச்சு. உப்புக் காத்து தெரியும்ல, குண்டூசியெல்லாம் துரு ஏறி பேப்பரோட ஒட்டிப்போய் இழுத்தா அந்த எடமே ஓட்டையாகுது, ராமபாணப் பூச்சி வேற பாதிய அரிச்சிருச்சு. போன மாசம் அரண்மனைப் பக்கம் ஒரு சின்ன கடையில ஸ்கேன் பண்ணக் குடுத்தேன்.

முன்னாடி வேற ஒரு கடையில வீட்டுப் பத்திரத்துக்கு லேமினேஷன் போட்டோம், இப்ப பிளாஸ்டிக் மஞ்சளாகிருச்சு, உள்ள இருக்குறத பிரிக்கவும் முடியல. அந்தப் பயத்தோடதான் போனேன். இந்த அண்ணன் மொதல்ல சொன்னதே, "தேதிவாரியா அடுக்காதீங்க, பெட்டியில எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டாங்க"ன்னுதான்.

எனக்கு அப்பப் புரியல. 1964 நோட்டுல டிசம்பர் 22ஓட எழுத்து நின்னு போகுது, அன்னைக்கு ராத்திரிதான் தனுஷ்கோடிய கடல் கொண்டு போச்சு. முந்தின பக்கத்துல தனுஷ்கோடிக்காரர் ஒருத்தர் பேர்ல 47 ரூவா பாக்கி, அது மேல சிவப்பு மையில ஒரே கோடு. காசு வந்துருச்சு போலன்னுதான் நெனச்சிருப்போம். ஆனா அதே பக்கத்துக்குள்ள மடிச்சு வச்ச ஒரு இன்லேண்ட் லெட்டர், மண்டபத்துல இருந்து அவரு மக எழுதினது, அப்பா புயல்ல போயிட்டாரு, கடனை நாங்க மெல்ல அடைச்சிருவோம்னு. லெட்டர தனியா நோட்ட தனியா பிரிச்சிருந்தா தாத்தா ஏன் கோடு போட்டாருன்னு எங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காதுங்க. படிச்சுட்டு அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்ல.

வேலை சுத்தம். மெல்லிசான தகட்ட ஊசிக்குக் கீழ விட்டு நெம்பி எடுக்குறாரு, தாள் மூலையில பென்சில்லதான் நம்பர், பேனா தொடவே மாட்டேங்குறாரு, ரப்பர் பேண்டுக்குப் பதிலா காட்டன் நாடா. 400 டிபிஐல (அதாவது இஞ்சுக்கு 400 புள்ளி) தரம் கொறையாத டிஃப் ஃபைல், போன்ல பாக்க சின்ன சைஸ் ஜேபெக் தனியா. பக்கம் 6 ரூவா.

கொறைன்னா பத்து நாள்னு சொல்லி மூணு வாரம் ஆக்கிட்டாரு. ஃபைல் பேரெல்லாம் வெறும் நம்பர், எது எந்த வருஷ நோட்டுன்னு லிஸ்ட் நானே ஒக்காந்து எழுதினேன், அதையும் சேத்துக் குடுத்தா நல்லாருக்கும். பென்டிரைவ் ரெண்டு வாங்கி ஒன்ன மதுரையில அக்கா வீட்டுல வச்சுட்டேன், கடலோரத்துல ஒரே எடத்துல வைக்க மனசு வரல.

கொண்டு போறவங்க பாலித்தீன் பையில கட்டாதீங்க, உள்ள வேர்த்துரும். பழைய வேட்டியில சுத்திக் கொண்டு போங்க.