வைல்ட்ஃப்ளை கன்சோல் திறக்கவில்லையா? 9990-ஓடு பழகிய அனுபவம்

ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் இந்த சர்வரோடுதான், ஜேபாஸ் 7 காலத்திலிருந்தே என் பிழைப்பு. 2014-இல் அது வைல்ட்ஃப்ளை 8 என்று பெயர் மாறி வந்த பிறகும் விடவில்லை. அப்ளிகேஷன் ஓட்டுவதில் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "கன்சோல் கனெக்ட் ஆகவில்லை" என்று, அதாவது 9990 போர்ட்டில் பிரவுசரில் திறக்கும் அதன் நிர்வாகப் பக்கம் வரவில்லை என்று, வரும் போன் மட்டும் ஓய்ந்தபாடில்லை.

நான் முதலில் கேட்பது: உடனே மறுக்கிறதா, இழுத்துக்கொண்டே இருக்கிறதா? சுற்றிச் சுற்றி டைம்அவுட் ஆனால் பெரும்பாலும் வழியில் ஏதோ ஃபயர்வால் விழுங்குகிறது. சர்வரின் கான்ஃபிக் ஃபைலை எத்தனை தடவை திருத்தினாலும் பிரயோசனமில்லை. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று சட்டென வந்தால், அந்த முகவரியில் அந்த போர்ட்டில் யாரும் காது கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் என்றால், கன்சோல் வரும் வழியான மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸ் இயல்பாகவே 127.0.0.1-இல், அதாவது அதே இயந்திரத்திலிருந்து மட்டும் தொடக்கூடிய லூப்பேக் முகவரியில்தான் உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது 'மைனஸ் பி' போட்டு 0.0.0.0 (எல்லா முகவரியிலும் கேள் என்று அர்த்தம்) கொடுத்தால் அது அப்ளிகேஷனின் போர்ட்டான 8080-க்குத்தான் பொருந்தும். மேனேஜ்மென்ட்டுக்குத் தனி ஆப்ஷன் இருக்கிறது. அப்ளிகேஷன் வெளியிலிருந்து திறக்கிறது, கன்சோல் மட்டும் திறக்கவில்லை என்பவர்கள் மாட்டுவது இங்கேதான். சர்வரைத் தனிப் பெட்டி போன்ற கன்டெய்னருக்குள் ஓட்டும் டாக்கரிலும் இதே கதை: 9990-ஐ மேப் செய்தாலும், கன்டெய்னருக்குள் அது தன் லூப்பேக்கில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து தொட முடியாது.

அதற்காக நிர்வாக போர்ட்டை ஊருக்கே திறந்துவிடுவது எனக்குப் பிடிக்காது. எஸ்எஸ்ஹெச் டனல் (சர்வருக்குப் போகும் பாதுகாப்பான தனிப் பாதை) போட்டு, என் கணினியின் 9990-இலிருந்து உள்ளே போகிறேன். மூடி வைத்திருப்பது நல்ல ஏற்பாடு என்பதே என் கட்சி.

போர்ட் எண்ணிலும் ஒரு வம்பு உண்டு. ஜேபாஸ் 7-இல் கமாண்ட் லைன் கருவி 9999-க்குப் போகும். வைல்ட்ஃப்ளையில் அதுவும் 9990-க்கே வந்துவிட்டது. பழைய டிப்ளாய் ஸ்கிரிப்டுகள் இன்னும் 9999-ஐத் தட்டிக்கொண்டிருக்கும். போர்ட் ஆஃப்செட், அதாவது எல்லா போர்ட் எண்ணோடும் கூட்டும் எண், 100 என்று வைத்திருந்தால் கன்சோலும் 10090-க்கு நகர்ந்துவிடும். அதனால் யார் என்ன சொன்னாலும், சர்வர் எந்த போர்ட்டில் கேட்கிறது என்று அந்த இயந்திரத்திலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கன்சோலை ரிவர்ஸ் ப்ராக்ஸிக்கு (கோரிக்கைகளை முன்னால் நின்று வாங்கி அனுப்பும் சர்வர்) பின்னால் வைத்து 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பதில் வந்தால் பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸில் அனுமதிக்கப்பட்ட ஆரிஜின் (கோரிக்கை கிளம்பும் தள முகவரி) பட்டியலில் ப்ராக்ஸியின் முகவரியைச் சேர்த்துப் பாருங்கள்.

என்னை அதிகம் சுற்றவிட்டது வேறு. அதே இயந்திரத்தில் இருந்தால் கமாண்ட் லைன் கருவி பாஸ்வேர்டு கேட்காது. சர்வர் தன் டெம்ப் ஃபோல்டருக்குள் 'ஆத்' என்ற இடத்தில் ஒரு சின்ன ஃபைலை எழுதும்; அதைப் படிக்க முடிந்தால் நீங்கள் உள்ளூர் ஆள். வேறு லினக்ஸ் யூசராக ஓட்டினால் அந்த ஃபைலைப் படிக்க முடியாது, உடனே யூசர்நேம் கேட்கும். ஓரிடத்தில் யூசரும் சரியாக இருந்தும் கேட்டது. பார்த்தால், இரவில் ஓடும் ஒரு சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரையே அழித்திருந்தது. இதை நேராகச் சொல்லாமல் வெறும் லாகின் கேட்டு நிற்பது இந்தக் கருவியின் பெரிய குறை. சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் ஃபோல்டர் திரும்ப வந்தது. அப்புறம் அந்த ஸ்கிரிப்டில் அதற்கு விலக்கு கொடுத்தோம். கையில் ஒரு நிர்வாக யூசரையும் உருவாக்கி வைத்துக்கொண்டோம்.