சுங்க ஒன்றிய உறுப்புரிமை: வாங்கலாமா, வேண்டாமா?

அண்டை நாடுகளோடு சுங்க ஒன்றியத்தில் சேர்வதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நட்பு, வரலாறு, பொது எதிர்காலம் என்ற சொற்களிலேயே முடிந்துவிடுகிறது. கட்டணம் செலுத்திப் பெறும் ஒரு சேவையாக மட்டும் அதைப் பார்த்து, என்ன கிடைக்கிறது, அதற்கு என்ன கொடுக்கிறோம், பிடிக்காவிட்டால் எப்படி வெளியேறுவது என்று கேட்பதே இந்த மதிப்புரையின் நோக்கம். ஐந்து நட்சத்திரங்களில் மூன்று தருகிறேன். வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்து அது நாலரையாக உயரவும் ஒன்றாக இறங்கவும் கூடும்.

சேவையின் உள்ளடக்கம் எளியது. உறுப்பு நாடுகளுக்கிடையே செல்லும் சரக்குக்குச் சுங்க வரி இல்லை. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒரே வரியை விதிக்கின்றன. இரண்டாவது பாதிதான் இதைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து வேறுபடுத்துகிறது. அத்தகைய ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் வெளி வரியைத் தானே வைத்துக்கொள்வதால், குறைந்த வரி உள்ள நாட்டின் வழியாக மூன்றாம் நாட்டுச் சரக்கு நுழைந்துவிடாதபடி, பொருள் எங்கே உற்பத்தியானது, அதில் எத்தனை சதவீதம் உள்ளூர்ப் பங்கு என்று சான்றிதழ் கேட்க வேண்டியிருக்கிறது. வெளி வரி ஒன்றாகிவிட்டால் அந்தச் சான்றுக்கு வேலையில்லை. பல நாடுகளில் செய்த உதிரிபாகங்களைச் சேர்த்து ஒரு இயந்திரம் செய்பவருக்கு இந்த ஒரு வசதியின் மதிப்பு தெரியும்.

சேவை நன்றாக இயங்கிய இடமும் உண்டு. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் ஆறு நாடுகள் 1968 ஜூலை 1 அன்று, குறித்த காலத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்னதாகவே, தங்களுக்குள் சுங்க வரியை ஒழித்துப் பொது வெளி வரியை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 1995 டிசம்பர் 31 முதல் தொழிற்பொருள்களுக்காக அந்த ஒன்றியத்தோடு இணைந்த துருக்கியின் வாகனத் தொழில் ஐரோப்பிய உற்பத்திச் சங்கிலியின் ஒரு கண்ணியாகவே ஆகிவிட்டது. ஆனாலும் பல்கேரிய எல்லையிலுள்ள கபிகுலேயில் துருக்கிய லாரிகள் நீண்ட வரிசையில் காத்திருப்பது வழக்கமான காட்சி. சாலைப் போக்குவரத்து அனுமதி, ஓட்டுநர்களின் விசா, விளைபொருள் பரிசோதனை ஆகிய எதுவும் சுங்க ஒன்றியத்துக்குள் அடங்காது. ‘எல்லையே இருக்காது’ என்று விளம்பரம் செய்பவர்கள் இதை மறைத்துவிடுகிறார்கள்.

இனி விலை. வெளி நாட்டுப் பொருளுக்கு என்ன வரி என்பதைத் தானே முடிவுசெய்யும் அதிகாரம்தான் இங்கே செலுத்தப்படும் கட்டணம். அது எந்த விலைப்பட்டியலிலும் தெளிவாக எழுதப்படுவதில்லை. பொருளியலாளர் ஜேக்கப் வைனர் 1950-இல் காட்டிய கணக்கை ஒரு சிறிய எடுத்துக்காட்டால் சொல்லலாம். தொலைதூர நாடு ஒன்று ஒரு பொருளை 100-க்கும் அண்டை நாடு அதையே 115-க்கும் தருவதாகக் கொள்வோம். இருவருக்கும் 20 சதவீத வரி இருந்தால், முன்னது 120, பின்னது 138. நாம் தொலைதூர நாட்டிடமே வாங்குவோம். ஒன்றியத்தில் சேர்ந்ததும் அண்டை நாட்டுப் பொருளுக்கு வரியில்லை என்பதால் அது 115-க்குக் கிடைக்கிறது. வாங்குபவருக்கு 5 மிச்சம். அரசுக் கருவூலத்துக்கு 20 நட்டம். நாட்டுக்கு மொத்தத்தில் 15 குறைவு. இதே ஒன்றியத்தில், அதிகச் செலவில் உள்ளூரிலேயே செய்துவந்த வேறொரு பொருளை அண்டை நாட்டிலிருந்து மலிவாக வாங்கும் வாய்ப்பும் பிறக்கும். இந்த இரண்டில் எது பெரியது என்பதைப் பொருள்வாரியாகக் கணக்கிடாமல் கையெழுத்திடும் அரசு, விலையைப் பார்க்காமலே வண்டி வாங்குபவரைப் போன்றது.

வசூலாகும் வரியைப் பங்கிடும் முறையும் இதே அளவுக்கு முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசூலிக்கும் நாடு 25 சதவீதத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மீதியைப் பொது வரவு செலவுத் திட்டத்துக்கு அனுப்புகிறது. 1910-இல் தொடங்கி இன்றும் இயங்கும் தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தில், 2002 ஒப்பந்தப்படி, சுங்க வரித் தொகை உறுப்பு நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்யும் இறக்குமதியின் அளவுக்கேற்பப் பிரிக்கப்படுகிறது. லெசோத்தோவுக்கும், சுவாசிலாந்து என்று முன்பு அழைக்கப்பட்ட எஸ்வாட்டினிக்கும் அரசு வருவாயின் பெரும் பங்கு இங்கிருந்தே வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2008 நிதி நெருக்கடிக்குப் பின் இறக்குமதி சுருங்கி அந்தப் பங்கு சரிந்தபோது, 2011-இல் சுவாசிலாந்து அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே திணறியது. வருவாயை நிர்ணயித்த வரிகளை முடிவுசெய்தது பெரும்பாலும் தென்னாப்பிரிக்காதான்.

என் மதிப்பீட்டில் இந்தச் சேவையின் தரத்தைத் தீர்மானிப்பது இதுவே: வரி விகிதம் பேசப்படும் மேசையில் வாங்குபவருக்கு நாற்காலி உண்டா? துருக்கிக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மூன்றாம் நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டால், அந்நாட்டுச் சரக்கு ஐரோப்பா வழியாக வரியின்றித் துருக்கிக்குள் வந்துவிட முடியும். ஆனால் துருக்கியச் சரக்குக்கு அந்நாடு தன் கதவைத் திறக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை. மெக்சிகோ, அல்ஜீரியா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றைக் காட்டித் துருக்கி அரசு ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்திருக்கிறது.

மேசையில் நாற்காலி இருப்பதாலும் எல்லாம் சரியாகிவிடாது. ஆர்மேனியா 2013 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேசிவந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டு, 2015 ஜனவரி 2 அன்று ரஷ்யா தலைமையிலான யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்தது. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. வெளி வரி ஒன்றுதான் இருக்க முடியும். வேடிக்கை என்னவென்றால், ஆர்மேனியாவுக்கு அந்த ஒன்றியத்தின் எந்த உறுப்பு நாட்டோடும் பொது எல்லை இல்லை. சாலை வழிச் சரக்கு ஜார்ஜியாவைக் கடந்து, மேல் லார்ஸ் மலைக் கணவாய் வழியாகத்தான் ரஷ்யாவை அடைய வேண்டும். பனிக்காலத்தில் அந்தக் கணவாய் அடிக்கடி மூடப்படுகிறது.

விதிகளைப் பின்பற்றுவதில் ஒழுங்கு குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 2005-இல் பொது வெளி வரியைத் தொடங்கியது. ஆனால் உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் பொருள்வாரியாக விலக்குக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. தென் அமெரிக்க நாடுகளின் வர்த்தகக் கூட்டமைப்பான மெர்கோசுரில் சர்க்கரையும் வாகனங்களும் தொடக்கத்திலிருந்தே தனி ஏற்பாடு.

அப்படியானால் யாருக்கு இதைப் பரிந்துரைக்கலாம்? தன் வணிகத்தின் பெரும்பகுதி அண்டை நாட்டோடு நடக்கிற, வெளி வரி ஏற்கெனவே அந்நாட்டின் வரியை ஒட்டியிருக்கிற, கடற்கரை இல்லாத சிறிய நாட்டுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். லீக்டென்ஸ்டைன் 1923-இல் சுவிட்சர்லாந்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்கீழ் இன்றுவரை வாழ்ந்துவருகிறது. அவ்வளவு சிறிய நாடு தனியாகச் சுங்கத் துறை நடத்துவதில் பொருளில்லை. வெளி வரி தாழ்வாக உள்ள, பல கண்டங்களோடு வணிகம் செய்யும் நாட்டுக்கு நார்வேயின் வழி மேல். ஐரோப்பியச் சந்தையில் பங்கேற்றும் சுங்க ஒன்றியத்தில் சேராமல், வேளாண்மைக்கான வரியைத் தன் கையிலேயே வைத்திருக்கிறது. ஸ்வீடன் எல்லையில் சுங்கச் சாவடி இருக்கத்தான் செய்கிறது. கொடுத்த விலை அவ்வளவே.

சேர்வதாக முடிவெடுப்பவர்கள் விலகும் விதியையும் இப்போதே படித்துவைப்பது நல்லது. பிரிட்டன் 2020 டிசம்பர் 31 அன்று ஐரோப்பியச் சுங்க ஒன்றிய ஏற்பாட்டிலிருந்து வெளியேறியபோது, பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே தொடரும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே, அயர்லாந்துத் தீவின் நடுவே, சாவடிகள் எழக்கூடாது என்பதற்காக, பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்குச் செல்லும் சரக்கின்மீதே சோதனை விதிக்க நேர்ந்தது. ஒரே நாட்டின் இரு பகுதிகளுக்கிடையே, கடலின் நடுவில், சுங்க எல்லை போய் நின்றது.