சிப்பில் தங்கம் பிரிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய கம்ப்யூட்டர் சிப்புகளில் இருந்து தங்கம் பிரித்துத் தருகிறோம் என்பவர்களிடம் சரக்கு கொடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நான் கொடுத்த சரக்குக்குத் திரும்பி வந்தது ஒரு சின்னக் கட்டி. மீதியெல்லாம் சேதாரமாம். கூலியை மட்டும் கறாராக வாங்கிக்கொண்டார்கள்.

நான் கொடுத்தவை 386, 486, அப்புறம் 1995இல் வந்த பென்டியம் ப்ரோ. எல்லாமே பீங்கான் உடம்பு கொண்ட பிராசஸர்கள். அடியில் வரிசை வரிசையாகத் தங்க முலாம் பூசிய கால்கள், சிலவற்றின் நடுவில் முலாம் பூசிய மூடி. உடைத்துப் பார்த்தால் உள்ளே சிலிக்கான் துண்டை ஒட்டிய இடத்திலும், அதிலிருந்து ஓடும் முடியைவிட மெல்லிய கம்பிகளிலும்கூடத் தங்கம் இருக்கும். பீங்கானுக்குப் பதில் பச்சைப் பலகையில் வந்த பிற்காலத்துச் சிப்புகளில் முலாம் ரொம்ப மெல்லிசு. அதில் குறைந்தால் நான் வாய் திறந்திருக்கவே மாட்டேன்.

கணக்கு கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. என் சரக்கைப் பலருடைய சரக்கோடு ஒரே தொட்டியில் கொட்டி, ராஜ திராவகத்தில், அதாவது நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த, தங்கத்தையே கரைக்கும் திரவத்தில் கரைத்திருக்கிறார்கள். கலந்த பிறகு யாருடைய தங்கம் எவ்வளவு என்று எதை வைத்துச் சொல்வது? அவர்கள் சொன்னதுதான் கணக்கு. கரைந்த தங்கத்தை மறுபடி படிய வைத்து எடுத்த பிறகு மிஞ்சிய பச்சைக் கரைசல் கேனில் இருந்தது. ஒரு சொட்டு எடுத்து ஸ்டேனஸ் குளோரைடு விட்டுக் காட்டுங்கள் என்றேன். தங்கம் மிச்சமிருந்தால் ஊதாவாகவோ கருப்பாகவோ மாறிவிடும், நிமிட வேலை. மறுத்துவிட்டார்கள். கரைசலை வடிகட்டிய வடிதாளையும் பீங்கான் தூளையும் கேட்டால், "குப்பைக்குப் போயாச்சு." அந்தக் குப்பையிலும் தங்கம் தங்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாதா என்ன?

வீட்டிலேயே கரைத்துப் பார்க்கலாம் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள். நைட்ரிக் அமிலத்தில் கிளம்பும் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுத்துவிடும். சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சுத் திணறலே தெரியவரும்.

வெளியில் கொடுப்பதானால் வகைவாரியாக எடை போட்டுச் சீட்டு வாங்குங்கள். தனித் தொட்டியில் கரைப்பதாகவும், வடிதாள், தூள், மிச்சக் கரைசல் எல்லாம் நீங்கள் பார்க்கும்வரை இருக்கும் என்றும் எழுதி வாங்குங்கள். கட்டியின் மாற்றை, அதாவது தங்கம் எவ்வளவு சுத்தம் என்பதை, வேறு இடத்தில் சோதித்த பிறகே கூலி. தனித் தொட்டிக்குக் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். முடியாது என்றால் சரக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.