1.6 மியாட்டாவுக்கு என்.பி. பாகங்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

மாஸ்டாவின் இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரான மியாட்டா 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானபோது அதில் இருந்தது 1.6 லிட்டர் எஞ்சின். 1994 மாடலில் 1.8 வந்தது. 1998இல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறை 2005 வரை ஓடியது. முதல் தலைமுறையை என்.ஏ. என்றும் இரண்டாவதை என்.பி. என்றும் சொல்வது வழக்கம். உடல் மாறினாலும் அடிப்பகுதி பெரிதாக மாறவில்லை. நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் கைகள்), நான்கு போல்ட் ஹப், ஷாக் அப்சார்பரின் மேல் முனை மாட்டும் அதே ஷாக் டவர் துளைகள். அதனால் 2005 கார்ப் பாகம் 1990 காரில் வெல்டிங் இல்லாமல் உட்காரும். உட்காருவதெல்லாம் வாங்கத் தக்கதா என்றால், இல்லை. 1.6 காருக்கு முதலில் என்.பி. ஷாக் மேல் மவுண்ட் (ஷாக்கை உடலோடு பிணைக்கும் மேல் பிடிப்பு), அடுத்து 1.8 காரின் பிரேக். பலரும் ஆசைப்படும் என்.பி. ஸ்போர்ட் பேக்கேஜ் பிரேக் கடைசியில்தான் வர வேண்டும்.

மேல் மவுண்ட் வெளியே தெரியாத பாகம் என்பதால் யாரும் அதைப் பேசுவதில்லை. என்.ஏ. காரின் பெரிய குறையே ஷாக் மேலே போக இடம் போதாததுதான், குறிப்பாகப் பின்பக்கம். ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்திவிட்டால் இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும். பிறகு கார் ஸ்பிரிங்கில் ஓடாது, பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் கட்டை) ஓடும். வளைவின் நடுவே சின்ன மேடு வந்தால் பின் சக்கரத்தின் விறைப்பு திடீரென்று பல மடங்காகி, ஈரச் சாலையில் வால் விலகும். ‘மியாட்டா சட்டென்று சுழலும்’ என்ற பேச்சில் பாதி இதிலிருந்து வந்ததே. என்.பி. மவுண்டில் ஷாக் தண்டின் மேல் நுனி இன்னும் உயரத்தில் பிடிபடுகிறது. பம்ப் ஸ்டாப்பும் மவுண்டின் குழிக்குள் ஏறி உட்காருகிறது. ஷாக் மேலே போக அந்த அளவுக்கு இடம் கூடுகிறது. இதே விலையில் கிடைக்கும் வேறெந்தப் பாகமும் சவாரியை இவ்வளவு மாற்றாது.

இதற்கு இரண்டு வழி உண்டு. முதலாவது, என்.பி. காரிலிருந்து ஷாக், ஸ்பிரிங், மவுண்ட் மூன்றையும் கழற்றாமல் முழுத் தொகுதியாக வாங்கி அப்படியே மாட்டுவது. என்.பி. ஸ்போர்ட் பேக்கேஜில் வந்த பில்ஸ்டீன் ஷாக் தொகுதி நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். என்.பி. கொஞ்சம் எடை கூடிய கார் என்பதால், அதன் ஸ்பிரிங்கில் என்.ஏ. சற்று உயரமாக நிற்கலாம். அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஆனால் இந்த ஷாக்குகளின் வயது இப்போது 20 ஆண்டைத் தாண்டிவிட்டது. ஸ்பிரிங் இல்லாத பில்ஸ்டீன் தண்டை உள்ளே அழுத்திவிட்டால், உள்ளே இருக்கும் வாயு அழுத்தத்தில் அது தானாக மேலே வர வேண்டும். வராமல் அங்கேயே நின்றாலோ, தண்டின் கழுத்தில் எண்ணெய் ஈரம் இருந்தாலோ அது வெறும் இரும்பு.

இரண்டாவது, கையில் இருக்கும் ஷாக்குக்கு என்.பி. மவுண்டை மட்டும் வாங்கிப் பொருத்துவது. இங்கேதான் பலரும் பாதிப் பாகத்தோடு திரும்புகிறார்கள். முன்னுக்கு 2, பின்னுக்கு 2 மவுண்ட். முன்னும் பின்னும் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் மேல் புஷ், கீழ் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் துண்டுகள்), ஸ்பிரிங் உட்காரும் ரப்பர் வளையம், என்.பி. பம்ப் ஸ்டாப், தூசு உறை, தண்டுக்கான வாஷர் எல்லாம் வேண்டும். பழைய நீள பம்ப் ஸ்டாப்பையே திரும்பப் போட்டால் செலவு செய்ததற்குப் பலனே இல்லை. வாஷர் அடுக்கு குறைந்தால், புஷ் இறுகுவதற்கு முன்பே நட் மரை முடிந்து நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லும், ஆனால் புஷ் தளர்வாக இருக்கும். முதல் வேகத்தடையிலேயே ‘டொக் டொக்’ சத்தம் ஆரம்பிக்கும். நட்டை இறுக்கிய பிறகு புஷ்ஷைக் கையால் திருகிப் பாருங்கள். சுழன்றால் இன்னொரு வாஷர் வேண்டும். ஸ்பிரிங்கைப் பிரிக்கக் கம்ப்ரசர் இல்லாமல் முயலக் கூடாது.

தொகுதியைக் கழற்ற விஷ்போனை முழுவதும் பிரிக்க வேண்டியதில்லை. ஆன்டி ரோல் பார் இணைப்பை இரண்டு பக்கமும் அவிழ்த்து, ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்து, மேல் நட்டுகளை நீக்கி, ஹப்பைக் கீழே மிதித்துப் பிடித்தால் தொகுதி நழுவி வரும். ஒருவர் மிதிக்க ஒருவர் உருவ வேண்டும். முன்பக்கம் அப்படியும் இடம் போதாவிட்டால், மேல் விஷ்போனின் நீள போல்ட்டை உருவுவது மாற்று வழி. பின் மேல் நட்டுகள் டிக்கிக்குள் இருக்கும். இடது பக்கம் பெட்ரோல் நிரப்பும் குழாய் குறுக்கே நிற்பதால் அதன் மூடியைக் கழற்றித்தான் கை நுழையும். திரும்ப மாட்டும்போது மேல் நட்டுகளுக்கு 29 முதல் 36 நியூட்டன் மீட்டர், கீழ் போல்ட்டுக்கு 73 முதல் 93. ரப்பர் புஷ் வழியாகப் போகும் எந்த போல்ட்டையும் சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக இறுக்காதீர்கள். கார் தன் எடையில் நிற்கும்போது இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

சஸ்பென்ஷன் பிரித்தால் அலைன்மென்ட் கட்டாயம். கடைக்குப் போகும் முன் நான்கு கீழ் விஷ்போன்களிலும் உள்ள கேம் போல்ட்டுகள் (சக்கரக் கோணத்தைத் திருத்துபவை) சுழல்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். உப்புப் போடும் ஊர்களில் ஓடிய கார்களில் இவை புஷ்ஷின் உள் குழாயோடு துருவில் ஒட்டிப்போயிருக்கும். ஊடுருவும் எண்ணெய்க்கும் சூட்டுக்கும் மசியாவிட்டால் அறுத்தெடுத்துப் புது போல்ட்டும் புஷ்ஷும் போடுவதுதான் வழி. கடையில் லிஃப்ட்டில் ஏற்றிய பிறகு இது தெரிந்தால் மணிக்கணக்குக் கூலி ஏறும். அன்றாட ஓட்டத்துக்கு முன் சக்கரக் கேம்பர் (செங்குத்துச் சாய்வு) கழித்தல் 1 டிகிரி, பின் சக்கரத்துக்குக் கழித்தல் 1.5, முன் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்) பூஜ்யம், பின்னால் மிகச் சிறிய டோ இன் (சக்கரங்களின் முன் நுனி உள்நோக்கி). இதுவே போதும்.

இனி பிரேக். 1.6 காரில் முன் டிஸ்க் 235 மி.மீ. விட்டம், 18 மி.மீ. தடிமன், பின் டிஸ்க் 231. 1.8 காரில் முன் 255, தடிமன் 20, பின் 251. 2001க்குப் பிந்தைய ஸ்போர்ட் பேக்கேஜில் முன் 270, தடிமன் 22; பின் 276.

1.8 பிரேக் போட்டால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஒரே ஒரு அவசர பிரேக்கில் நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர், 1.6 பிரேக்காலேயே சக்கரத்தைப் பூட்ட முடியும். பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் பலம். மலை இறக்கத்திலோ டிராக்கிலோ திரும்பத் திரும்ப மிதிக்கும்போது சின்ன டிஸ்க் சூடேறி, பேட் பிடியை இழக்கும். 1.8 டிஸ்க்கில் அது வெகு நேரம் தள்ளிப்போகும். ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்கு நல்ல பேடும் புது பிரேக் ஆயிலும் போட்டாலே நிறைவு.

முன்பின் சமநிலையைத்தான் பலர் கவனிப்பதில்லை. 1.6இல் முன் விட்டத்தைப் பின் விட்டத்தால் வகுத்தால் 1.017. 1.8இல் 1.016. அதாவது நான்கு சக்கரத்துக்கும் 1.8 மாற்றினால் விகிதம் அசையவே இல்லை. ஸ்போர்ட் செட்டில் அதே கணக்கு 0.978, பிடி பின்னால் நகர்கிறது. மாஸ்டா அதை அந்தக் காரின் அழுத்த வால்வோடு (பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்துவது) சேர்த்துத்தான் கொடுத்தது. பழைய 1.6 வால்வோடு பின் ஸ்போர்ட் டிஸ்க்கைச் சேர்த்தால், மழையில் பின் சக்கரம் முந்திப் பூட்டும் வாய்ப்பு கூடும். அதனால் ஸ்போர்ட் வேண்டியே தீரும் என்றால் முன்னே ஸ்போர்ட், பின்னே 1.8 என்று கலப்பது பாதுகாப்பு. பின்னுக்கு மட்டும் பெரிசு என்பது எக்காலத்திலும் கூடாது. ஸ்போர்ட்டுக்கு இன்னொரு செலவும் உண்டு: 14 அங்குலச் சக்கரம் அதன்மேல் ஏறாது, 15 வேண்டும். 1.8 பிரேக் தொழிற்சாலையிலேயே 14 அங்குலச் சக்கரத்துக்குள் வந்ததுதான். சுமார் 950 கிலோ எடையுள்ள, டர்போ இல்லாத காருக்கு ஸ்போர்ட் செட் வெறும் கூடுதல் எடை.

வாங்கும்போது கேலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), அதைத் தாங்கும் பிராக்கெட், டிஸ்க், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகடு எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து எடுங்கள். என்.பி. என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வெளிநாட்டுச் சந்தைகளின் என்.பி. 1.6 கார்களில் 235 மி.மீ. டிஸ்க்கே உண்டு. டேப் வைத்து அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். பேடு வாங்கும்போது உங்கள் கார் ஆண்டைச் சொல்லாமல், பிரேக் எந்தக் காரிலிருந்து வந்ததோ அதன் ஆண்டைச் சொல்ல வேண்டும். பழைய 1.6 தகட்டையே விட்டுவைத்தால் பெரிய டிஸ்க் அதில் உரசிக் கீச்சிடும். விளிம்பை வெட்டலாம், அல்லது வளைக்கலாம்.

ஹப்போடு ஒட்டிய பழைய டிஸ்க்கைச் சுத்தியால் அடிக்க வேண்டாம். அதன் முகத்தில் இருக்கும் இரண்டு மரைத் துளைகளில் 8 மி.மீ. போல்ட் விட்டு மாறி மாறித் திருகினால் கழன்று வரும். புது டிஸ்க் உட்காரும் முன் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் துருச் செதில்தான் பின்னால் பெடல் நடுக்கமாக வரும். பிராக்கெட் போல்ட்டுக்கு 49 முதல் 69 நியூட்டன் மீட்டர். கேலிப்பருக்கு ஆயில் போகும் பாஞ்சோ போல்ட்டின் (நடுவே துளையுள்ள போல்ட்) இரண்டு பக்கமும் புது செம்பு வாஷர்.

அதிகம் கெடுவது பின் கேலிப்பர். ஹேண்ட் பிரேக் பொறிமுறை அதன் உள்ளேயே இருப்பதால், பிஸ்டனைச் ‘சி’ கிளாம்ப் போட்டு நெருக்கினால் உள்ளே இருக்கும் திருகு உடையும். கேலிப்பரின் பின்புறம் 14 மி.மீ. தலை கொண்ட மூடி போல்ட் ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ நுழையும். இடஞ்சுழியாகத் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும். பேடு மாட்டிய பின் வலஞ்சுழியாக, டிஸ்க் இறுகும்வரை திருப்பி, பிறகு மூன்றில் ஒரு சுற்று பின்வாங்குங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். 5 முதல் 7 கிளிக்கில் பிடித்தால் சரி. இதைச் செய்யாமல் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினால் பெடல் ஆழமாக இறங்கும், பிரேக் ஆயிலிலிருந்து ஏர் எவ்வளவு எடுத்தாலும் தீராது. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று அதையும் மாற்றுகிறவர்கள் உண்டு, பாவம்.

ஏர் எடுக்கும் முன் ஒரு பார்வை: காற்றை வெளியேற்றும் நிப்பிள் கேலிப்பரின் மேல் பக்கம் இருக்கிறதா? கீழே இருந்தால் இடது வலது கேலிப்பர் மாறிவிட்டது. காற்று உள்ளேயே தங்கும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள பின் சக்கரத்தில் தொடங்கி அருகில் வரலாம். புது பேடுக்கு, ஆளில்லாத சாலையில் 100 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை உறுதியாக மிதித்து, முழுக்க நிறுத்தாமல் மீண்டும் வேகம் எடுத்து, ஏழெட்டு முறை செய்ய வேண்டும். பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் பெடலை மிதித்தபடி நின்றால் பேட் அச்சு அங்கேயே பதிந்துவிடும்.

1.8 கார் ஒன்று முழுசாக உடைக்கக் கிடைத்தால் பிரேக்கோடு நிறுத்த வேண்டாம். அதன் 7 அங்குல டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) 1.6இன் 6 அங்குலத்தைவிடப் பலமானது. ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்குச் சக்தி தரும் டார்சன் வகையாக இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் அதிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் ஹாஃப் ஷாஃப்ட் இரண்டும், கியர்பாக்ஸிலிருந்து அதற்கு வரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் அதே காரிலிருந்து சேர்ந்தே வர வேண்டும். டிஃப் மட்டும் கைக்கு வந்தால் 1.6இன் பழைய ஷாஃப்ட் எதுவும் அதில் பொருந்தாது.